ஆர்கானிக் துணியை உண்மையில் யார்தான் வாங்குகிறார்கள்?

8 செப்டம்பர் 2024, மாலை (வாசகர் கேள்வி)

கோவையில் எம்பிஏ இரண்டாம் வருடம் படிக்கிறேன். சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத ஆடைகளை வாங்குகிறவர்களைப் பற்றி ப்ராஜெக்ட். வயது, படிப்பு, வருமானம் எல்லாம் கேட்டுவிட்டு, 'இப்படிப்பட்ட துணிக்கு 20 சதவீதம் கூடுதலாகக் கொடுப்பீர்களா' என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் ஆம் என்றார்கள். 'கடைசியாக எப்போது வாங்கினீர்கள்' என்ற இடத்தில் பெரும்பாலும் காலி. படித்தவர்களும் வசதியானவர்களும்தான் வாங்குவார்கள் என்பது என் கணிப்பு. தொழிலில் இருப்பவர்கள் சரியா என்று சொல்லுங்கள்.

8 செப்டம்பர், இரவு

பாதி தப்பு தம்பி.

திருப்பூரில் பதினோரு வருஷம் மெர்ச்சண்டைசராக இருந்தேன், அதாவது வெளிநாட்டுப் பையர் (துணி வாங்கும் கம்பெனி) கொடுக்கிற ஆர்டரைக் கவனித்து முடித்துக் கொடுக்கிற வேலை. இப்போது ஐந்து வருஷமாக ஈரோட்டில் ஒரு சந்துக்குள் துணிக்கடை. ஆர்கானிக் பருத்தி, இயற்கைச் சாயம், கொஞ்சம் சென்னிமலைக் கைத்தறி. கல்லாவில் நானேதான். நீங்கள் சொல்கிற படித்தவர்கள் வருவார்கள், தடவிப் பார்ப்பார்கள், துணியில் தொங்குகிற ஹாங்டேக் அட்டையைப் படம் எடுப்பார்கள், "நல்ல விஷயம் பண்றீங்க மேடம்" என்பார்கள். அதோடு சரி. பாராட்டிவிட்டுப் போனவர் திரும்பி வந்து நான் பார்த்தது அபூர்வம். வாங்குகிற ஆள் வேறு மாதிரி. "இதென்ன அம்மணி, கோணிச்சாக்காட்ட இருக்குது, இதுக்கா இந்த வெலை?" என்று அரைமணி நேரம் மல்லுக்கு நின்றுவிட்டு இரண்டு எடுத்துக்கொண்டு போவார்.

அந்த 20 சதவீதக் கேள்வியைத் தூக்கிவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை வைக்கும்போது "வந்துருவீங்கல்ல?" என்று கேட்கிற மாதிரி அது. வந்துருவோம் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

9 செப்டம்பர்

காலையில் கடை திறந்ததும் பழைய நோட்டைப் புரட்டினேன். வருகிறவர் வாயிலிருந்து வரும் முதல் கேள்வியைக் குறித்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. பையர் மெயிலில் முதல் வரியை மட்டும் பார்த்துப் பார்த்து வந்த தொழில் புத்தி.

அதிகமாக இருப்பது குழந்தை. "பொறந்த கொழந்தைக்குப் போடலாமுங்களா?" "பேரனுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சுப் போவுதுங்க, பஞ்சு மட்டும் இருக்கற துணி வேணும்." அதற்கடுத்தது வேர்வை, அரிப்பு. படுக்கையிலேயே இருக்கும் பெரியவர்களுக்கு நைட்டி, மேல்துண்டு. அப்புறம் சாயம் போகுமா, சுருங்குமா. சுற்றுச்சூழல் என்று பேச்சை ஆரம்பித்தவர்களைப் பக்கம் பக்கமாகத் தேட வேண்டியிருக்கிறது. கண்ணில் பட்டதில் ஒன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அவளும் ப்ராஜெக்டுக்குத்தான் வந்தாள்!

வினாத்தாளில் ஒரு கேள்வி சேருங்கள்: கடைசியாக வாங்கியது யாருக்கு?

9 செப்டம்பர், இரவு

மேலே எழுதிவிட்டுச் சோறு போடும்போது ஞாபகம் வந்தது. எங்கள் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள். என் மகள் பிறந்தபோது எங்கள் பாட்டி, அம்மிச்சி, ஒரு மூட்டை அவிழ்த்தார். தாத்தா கட்டி நைந்த வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, மடித்து வைத்திருந்தார். நான் அப்போது எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தேன். வெளிநாட்டுக்குப் போகும் குழந்தைத்துணி சாம்பிள் என் பையிலேயே இருந்தது. அதைக் கொடுத்தேன். மோந்து பார்த்தார். "மருந்து வாசம் அடிக்குது கண்ணு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அம்மிச்சி சுற்றுச்சூழல் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். நூறு தடவை துவைத்த பருத்தியில் ஒட்டிக்கொள்ள ஒன்றும் மிச்சமிருக்காது, அவ்வளவுதான் கணக்கு. இன்றைக்கு என் கடைக்கு வந்து ஆர்கானிக் ஜபலா கேட்கிற பெண்ணுக்கும் அதே கணக்கு. அவள் வீட்டில் நைந்த வேட்டி இல்லை. அவள் அப்பா பேண்ட் போடுகிறார்.

12 செப்டம்பர்

சேலத்து நண்பர் ஒருவர், "சர்டிஃபிகேட் பார்த்து வாங்கினால் போதாதா, எதற்கு இவ்வளவு கதை?" என்கிறார்.

சரி, சர்டிஃபிகேட் பேசுவோம். கடையில் அதிகம் குழப்புவது இரண்டு பெயர்கள். ஒன்று காட்ஸ் (GOTS), ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச்சான்று. ஆர்கானிக் என்று முழுசாகப் போட வேண்டுமானால் நாரில் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக்காக இருக்க வேண்டும். 70 சதவீதம் இருந்தால், ஆர்கானிக் கலந்து செய்தது என்ற மட்டில் போடலாம். அதோடு சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலை என்று வழிநெடுகக் கேள்வி உண்டு. இன்னொன்று ஓகோ டெக்ஸ் 100. அது முடிந்த துணியில் உடம்புக்குக் கெடுதலான ரசாயனம் அளவுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. மூன்று வயது வரை உள்ள குழந்தைகளின் துணிக்கு அதில் முதல் வகுப்பு, அதுதான் கெடுபிடி அதிகம். ஆனால் பருத்தி எப்படி விளைந்தது என்று அது கேட்காது. சுத்தமான பாலியஸ்டருக்கும் அந்தச் சீட்டு கிடைக்கும். குழந்தையின் தோலுக்காக வருகிறவருக்கு இரண்டாவது சீட்டே போதும். வயலுக்காகவும் ஆற்றுக்காகவும் வருகிறவருக்கு முதலாவது வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கேட்டு வாங்கினவர் யாரும் நோட்டில் இல்லை.

சீட்டை நம்பலாமா என்றால், 2020 அக்டோபரில் காட்ஸ் அமைப்பே ஒரு மோசடியை வெளியே சொன்னது. போலிச் சான்றிதழ் வைத்து இந்தியாவிலிருந்து 20,000 டன் பருத்தி ஆர்கானிக் என்று கணக்குக் காட்டப்பட்டிருந்தது. நம் நாட்டில் மரபணு மாற்றிய பிடி (Bt) பருத்திக்கு 2002ல் அனுமதி. இன்றைக்குப் பருத்திக் காட்டில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அதுதான். ஆர்கானிக்கில் மரபணு மாற்றிய விதை ஆகாது. ஆக விதைக்கே அலைய வேண்டும். இவ்வளவு பஞ்சு எங்கிருந்து வந்தது என்று முன்னமே யாராவது கேட்டிருக்கலாம்.

மூங்கில் துணி பற்றியும் கேட்டிருக்கிறார். அது பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது ஒரு வகை ரேயான். மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்பைடு போட்டுக் கரைத்து இழுத்த நூல். மூங்கிலிலிருந்து செய்த ரேயான் என்றே எழுத வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2009லேயே கம்பெனிகள் மேல் நடவடிக்கை எடுத்தது. நம் ஊரில் இன்னும் ஹாங்டேக்கில் பாண்டா கரடி படம் போட்டு விற்கிறார்கள்.

17 செப்டம்பர், செவ்வாய்

இன்றைக்கு ஜவுளிச் சந்தை. திங்கள் ராத்திரியே ஆரம்பித்துவிடும். கேரளா, ஆந்திரா வியாபாரிகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் பெட்ஷீட் ஜோடி பேரம் பேசிக்கொண்டிருந்தார். அழுக்கு நீலமும் சாம்பலும் கலந்த கோடு. பார்த்தவுடன் தெரிந்தது, ஓஇ (ஓப்பன் எண்ட்) மில் நூல், வெட்டு மிச்சத்திலிருந்து நூற்பது.

திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் கட்டிங் வேஸ்ட்டை நிறம் நிறமாகப் பிரித்து, மெஷினில் பிய்த்துத் திரும்பப் பஞ்சாக்கி, நூலாக இழுப்பார்கள். நீலத் துண்டிலிருந்து நீல நூல். சாயப்பட்டறைக்கே போக வேண்டாம், தண்ணீர்ச் செலவு கிடையாது. பல்லடம், வெள்ளகோயில் பக்கம் மில் மில்லாக இதுதான் வேலை. வெளிநாட்டுக் கடையில் இதையே ரீசைக்கிள்டு என்று எழுதி இரண்டு மடங்கு விலைக்கு மாட்டியிருப்பார்கள். சந்தையில் இதற்குப் பெயர் மட்ட ரகம்.

அந்தப் பெரியவரைப் பேட்டி எடுத்தீர்கள் என்றால் உங்கள் அட்டவணையில் எங்கே வைப்பீர்கள் தம்பி? சுற்றுச்சூழல் அக்கறை பூஜ்யம், வாங்கியது மறுசுழற்சித் துணி. "ஏனுங்க இதையே எடுக்கறீங்க?" என்று கேட்டேன். "அழுக்குத் தெரியாதுங்க" என்றார்.

18 செப்டம்பர்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பல்லடத்துக்காரர் ஒருவர் பிடித்துவிட்டார். கட்டிங் வேஸ்ட் நூல் தனியாக நிற்காது. நார் குட்டையாகிவிடுவதால் பலத்துக்குப் பாலியஸ்டர் சேர்ப்பார்கள். அது பெரும்பாலும் பழைய பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து வருவது. வாஸ்தவம். அதனால் பெரியவரின் பெட்ஷீட்டைத் துவைக்கும்போது பிளாஸ்டிக் தூசு தண்ணீரில் போகத்தான் செய்யும். புனிதப் போர்வை என்று நான் சொல்லவில்லை. சொன்ன மாதிரி இருந்தால் வாபஸ்.

25 செப்டம்பர்

ஒரு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை, அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே எங்கள் தோட்டம்.

"நொய்யல் கெட்டதைக் கண்ணால் பார்த்த கொங்கு மக்கள்தானே முதலில் இந்தத் துணியை வாங்க வேண்டும்?" என்று கேட்டிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக் கடை போட்டேன். அந்த நினைப்பில் முதல் வருஷமே கையைச் சுட்டுக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்காக: வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு நொய்யல். ஒரத்துப்பாளையம் அணையை 1992ல் பாசனத்துக்கென்று திறந்தார்கள். திருப்பூர்ச் சாயத்தண்ணீர் வந்து அதில் நின்றது. அணை கட்டினால் தண்ணீர் திறந்துவிடு என்று விவசாயி போராடுவதைத்தான் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் திறக்காதே என்று போராடினார்கள். எங்கள் தென்னையில் இளநீர் உப்புக் கரித்தது. விருந்தாளிக்கு வெட்டிக் கொடுக்கக் கூச்சம். ஆயக்கட்டுதாரர்கள், அதாவது ஆற்றுப் பாசன விவசாயிகள், போட்ட வழக்கில் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று 2006ல் உயர்நீதிமன்றம் சொன்னது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் பட்டறைகளையே மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேல் பட்டறை. நான் அப்போது திருப்பூரில். ஷிப்மெண்ட் தேதி தலைக்கு மேல், சாயம் போட லூதியானா வரை துணியை அனுப்பிக்கொண்டிருந்தோம். வாரக்கடைசியில் ஊருக்குப் போனால் அப்பா பட்டறை மூடினதுக்குச் சந்தோஷமாக இருப்பார். திங்கட்கிழமை கம்பெனியில் எல்லோரும் தலையில் கை வைத்திருப்பார்கள். நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.

இப்போது கழிவைச் சுத்திகரித்து, ஆர்ஓவில் வடித்து, மிச்ச உப்புத்தண்ணீரைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் திரும்பச் சாயத்துக்கே எடுக்கிறார்கள். காய்ச்சுவதற்கு விறகும் கரண்டும் வேண்டும். அந்தச் செலவு துணியின் விலையில் ஏறும். எங்கள் பழைய பையர் ஒருவர், 'சூழல் பொறுப்பு' என்று பதினாறு பக்கப் படிவம் அனுப்பிவிட்டு, அதே மெயிலின் கடைசியில் பீஸுக்கு ஐந்து சென்ட் குறைக்கச் சொன்னது ஞாபகம் வருகிறது.

சரி, அப்பாவிடம் வருகிறேன். என் கடையிலிருந்து சாயமேற்றாத பழுப்பு வேட்டி ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "தண்ணி கெட்டது சாயத்துல. நான் கட்டறது வெள்ள வேட்டி. எங்கிட்டயே எதுக்கு இதக் கொண்டாந்த?" என்றார். வெள்ளைக்கும் ப்ளீச்சிங் உண்டு, நீங்கள் போடுகிற சொட்டு நீலமும் ரசாயனம்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

ஆறு கெட்டதைப் பார்த்தவருக்கு அது பட்டறைக்காரன் செய்த அநியாயம், கோர்ட்டும் அரசாங்கமும் தீர்க்க வேண்டியது. தான் எடுக்கிற சட்டைக்கும் அதற்கும் முடிச்சுப் போட அவருக்குத் தோன்றவில்லை. அது தப்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் ஆற்றைக் காப்பாற்றினது வழக்குத்தான். காப்பாற்றின அளவுக்கு.

2 அக்டோபர்

காந்தி ஜெயந்தி. கதர்க் கடையில் தள்ளுபடி, வாசலில் ஒரே கூட்டம். இந்தக் கொங்கு நாடு ஒரு காலத்தில் கொள்கைக்காகத் துணி வாங்கின நாடு. திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925ல் ஆசிரமம் போட்டு, மழை பொய்த்த ஊர்களில் பெண்களுக்கு ராட்டையில் நூற்க வேலை கொடுத்தார். அந்தக் கதர் முரடாக இருக்கிறது, கனக்கிறது, விலை கூட என்று தெரிந்தேதான் ஜனங்கள் கட்டினார்கள். அந்தப் பேரன் பேத்திகள் இன்றைக்குத் தள்ளுபடி நாளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

3 அக்டோபர்

நேற்றையது குசும்பு. நானும் அந்த வரிசையில் நின்றேன். இரண்டு போர்வை, நாலு துண்டு.

13 அக்டோபர்

"இயற்கைச் சாயம் போகுமா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போகும். சிலது வெயிலில் மங்கும், சிலது புளியோ எலுமிச்சையோ பட்டால் மாறும். அவுரி நீலம் நிற்கும். கடுக்காயில் முக்கிப் படிகாரம் போட்டு ஏற்றினால் மற்றதும் ஓரளவு பிடிக்கும்.

என் அவமானக் கதை ஒன்று. கடை ஆரம்பித்த வருஷம், மஞ்சளில் முக்கின ஜபலா அடித்து வைத்தேன். ஈரோட்டில் மஞ்சள் ஜபலா, கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? ஓர் அம்மா பேத்திக்கு ஆறு வாங்கினார். நாலாம் நாள் பையோடு வந்து கல்லா மேல் கொட்டினார். எல்லாம் செம்மண்ணில் புரட்டி எடுத்த மாதிரி திட்டுத்திட்டாகச் சிவப்பு. பார் சோப்புப் போட்டிருக்கிறார். சோப்பில் இருக்கிற காரம் (அல்கலி) பட்டால் மஞ்சள் சிவக்கும். குங்குமம் செய்வதே மஞ்சளில் சுண்ணாம்பு கலந்துதான். மஞ்சள் சந்தை ஊர்க்காரி எனக்கு அது தோன்றவில்லை. "பிள்ளைக்கு ரத்தமோன்னு ஒரு நிமிசம் உசுரே போயிருச்சு சாமி" என்றார். காசைத் திருப்பிக் கொடுத்தேன். மிச்சமிருந்த நாற்பது ஜபலாவையும் எடுத்து உள்ளே வைத்தேன். இன்றைக்கும் கடை துடைக்கிற துணி அதுதான்.

அதற்கப்புறம் எது விற்றாலும் சாயம் போகும், தனியாக அலசுங்கள், சீயக்காயோ பூந்திக்கொட்டையோ போடுங்கள் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டுப் பாதிப் பேர் போய்விடுகிறார்கள்.

20 அக்டோபர்

தம்பி ஒரு தியரி அனுப்பியிருக்கிறார். ஐசன் என்பவர் 1991ல் எழுதியது. ஒருவருக்கு ஒரு காரியத்தில் இருக்கும் மனப்பான்மை, சுற்றியிருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்கிற எண்ணம், இது நம்மால் ஆகுமா என்கிற நம்பிக்கை, மூன்றும் சேர்ந்துதான் செய்யலாம் என்கிற எண்ணமே வருமாம். இரண்டாவதை அண்டர்லைன் பண்ணிக்கொள்ளுங்கள். மச்சாண்டார் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் கடுக்காய்ச் சாயப் புடவையில் போனேன். "ஏன் கண்ணு, வியாபாரம் செரியில்லையா?" என்று நாலு பேர் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அடுத்த கல்யாணத்துக்குப் பட்டு.

ஒரு டி-சட்டைக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்று பரவலாக ஓடும் கணக்கையும் கேட்டிருக்கிறார். கடைச் சுவரில் நானும் எழுதி வைத்திருந்தேன், அழித்துவிட்டேன். மானாவாரிக் கரிசலில் மழைக்கு விளைந்த பருத்திக்கும் ஆயிரம் அடி போரில் இறைத்து விளைந்த பருத்திக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? எந்தத் தண்ணீர், யாருடைய தண்ணீர் என்று சொல்லாத லிட்டர் எனக்கு உதவாது. வாடிக்கையாளருக்கும் உதவவில்லை. அதைப் படித்த ஒருவர், "அப்ப சட்டையே எடுக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார், எடுக்காமல்.

29 அக்டோபர்

தீபாவளிக்கு இரண்டு நாள். மகளுக்கு எட்டு வயசு. கடை முழுக்க என் துணி தொங்குகிறது. அவளுக்கு வேண்டியது ஜிகினா ஒட்டின ஃப்ராக், முதுகில் இறக்கை. பக்காப் பாலியஸ்டர். நேற்று ராத்திரி கடையை அடைத்துவிட்டு நாலு கடை ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்தேன். பில்லைப் போட்ட பையன் என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தான்.

சுற்றுச்சூழல் அக்கறை உள்ளவர், வாங்கவில்லை. இந்தக் கட்டத்தில் என்னையே ஒரு டிக் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி.

4 நவம்பர்

கடைசியாக ஒன்று, இதை எழுதத்தான் இன்றைக்கு வந்தேன். 13ம் தேதிக் குறிப்பில் சொன்ன அந்த அம்மா, ஜபலாவைக் கல்லாவில் கொட்டினவர், இன்றைக்கு வந்தார். நாலு வருஷத்துக்கப்புறம். மகளுக்கு இரண்டாவது குழந்தை, பையன். இந்தத் தடவை சாயமேற்றாத வெள்ளைப் பழுப்பில் ஆறு கேட்டார்.

நோட்டுக்காகக் கேட்டேன்: ஊரில் இவ்வளவு கடை இருக்கிறதே, அவ்வளவு நடந்தும் ஏன் இங்கே? ஆர்கானிக் என்பார் என்று நினைத்தேன், தோல் என்பார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு நீ சோப்புத்தான் தப்புன்னு என்ற மேல போடலை. 'என்ற துணிதான் தப்பு'ன்னு நீயே சொன்ன. அது ஞாபகம் இருந்துச்சு" என்றார். அப்புறம் விலையில் நாற்பது ரூபாய் குறைக்கச் சொன்னார். குறைத்தேன்.

படிப்பு: ஐந்தாம் வகுப்பு. வருமானம்: ரெண்டு எருமை, மகன் அனுப்புவது. இதையும் அட்டவணையில் ஏற்றுங்கள்.

இன்னொரு விஷயம், சென்னிமலைக்காரர் கேட்டிருந்த ஜீரோ அளவு ஜபலா இப்போது கையில் இல்லை, அந்த அம்மா எடுத்த ஆறுதான் கடைசி. வெட்டிக் கொடுத்திருக்கிறேன், டெய்லர் தீபாவளி லீவு முடிந்து இன்னும் வரவில்லை. வியாழக்கிழமைக்கு மேல் வாருங்கள்.